ஆள் இல்லாத இடம்

தண்டையார்பேட்டை. இரண்டாம் மாடி.
டயாலிசிஸ் படுக்கைகள் ஏழு.
கீழே குட்டியானை வண்டியில் காத்திருக்கிறது
நூற்றுப்பதினெட்டுக் கிலோ தகரமும் செம்பும்,
படுத்தபடியே காற்றைக் கையாளும் பெட்டி.
அதற்கொரு கூரையடி தேடி
காலையிலிருந்து
அண்ணாந்தே நடக்கிறேன்.

வரைபடம் காட்டிய இடம் முன்கூடம்.
யோவேல் ஏணியேறி முஷ்டியால் தட்டினான்.
பொத்தென்றது.
மரச்சட்டம், மேலே செங்கல், சுண்ணாம்பு.
மின்விசிறிக்கே மூச்சு வாங்கும் தளம்.
"தாங்காதுக்கா,
நம்மளையும் சேத்து இட்னு வந்துரும்."

பின்கட்டு கான்கிரீட். கல்லைப் போலக் கெட்டி.
ஆனால் பக்கத்து அறையில்தான்
ரத்த வடிகட்டிகளைக் கழுவுகிறார்கள்.
கதவு திறக்கும்போதெல்லாம் காடி நெடி.
திரும்பும் காற்றின் வாயை அங்கே வைத்தால்
நான்கு மணி நேரமும்
ஏழு மூக்குக்கும் அதைத்தான் பரிமாறும்.
பெட்டிக்கு நல்லது கெட்டது தெரியாது.
கொடுத்ததைக் குளிராக்கித் திருப்பித் தரும்.

கிழக்கு ஜன்னலோரம் என்றால்
காசிமேட்டு உப்பு
இரண்டே மழைக்காலத்தில் கம்பியின் மரையைத் தின்றுவிடும்.
வடக்கே, மணலிப் பக்கம்,
அந்தக் காற்றைப் பற்றி
ஜன்னலை ஆணியடித்து மூடியவர்கள்
ஏற்கனவே சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் படுக்கைக்கு மேல் இடம் இருந்தது.
நீளம் சரி, உயரம் சரி,
ஃபில்டரை உருவி எடுக்க இரண்டடியும் மிச்சம்.
சுவரில் பென்சிலால் குறித்தேன்.
படுக்கையில் அருமைநாயகம்,
துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர்,
ஊசி குத்திய கையை அசைக்காமல்
கண்ணால் மட்டும் என் டேப்பின் பின்னாலேயே வந்தார்.
"ஒழுகுமா?"
ஒழுகாத பெட்டி கிடையாது,
எப்போது என்பதுதான்.
அதைச் சொல்லாமல் "அடியில் தட்டு வைப்போம்" என்றேன்.
"எனக்கு ஒரு நாளைக்கு
அரை லிட்டரு தண்ணிதாம்மா அளவு.
மேலேர்ந்து சொட்டினா
அதையும் கணக்குல எழுதிக்குவாங்க."
சிரித்தார். நர்ஸ் சிரிக்கவில்லை.
குறியை விரலால் தேய்த்தேன்.
போகவில்லை, கருப்பாகப் பரவியது.

கடைசியில் ஸ்டோர் ரூம்.
எல்லாமே பொருந்திற்று.
வரைபடத்தில் 'சாமான்' என்றிருந்த அந்தச் சதுரத்தில்
சுருட்டிய பாய், சீப்பு, ஒரு சார்ஜர்.
இரவுப் பணி நாகபூஷணம்
இரண்டிலிருந்து நாலு வரை கண்மூடுகிற இடம்.
தூக்கத்துக்கு
எந்தப் படத்திலும் குறியீடு பார்த்ததில்லை நான்.
"போட்டுக்கோ, எனக்கு இன்னா ஓடினாலும் காதுல உழாது"
என்றாள் வெளியே பெருக்கிக்கொண்டே.
நான் யோவேலிடம்
கிசுகிசுத்ததற்கு வந்த பதில் அது.

அவள் சொன்னதை வைத்து
கையெழுத்து வாங்கியிருக்கலாம்.
பதிலாக டாக்டர் ஷம்ஷாத்தின் அறைக் கதவைத் தட்டினேன்.
அங்கேயும் கான்கிரீட்தான்.
காற்றுக்குழாய் ஆறு மீட்டர் கூடும், செலவும் கூடும்.
"என் தலைக்கு மேலயா?"
அண்ணாந்து பார்த்தார், வெகுநேரம்.
இன்றைக்கு முதல்முறையாக
இன்னொருவரும் கூரையைப் பார்க்கிறார்.
"சத்தம்?"
"இருக்கும், டாக்டர்.
ரப்பர் வைத்தால் கொஞ்சம் குறையும்."
பேனாவின் மூடியைக் கழற்றினார்.

நான்கு கம்பி, நான்கு ரப்பர்.
ரசமட்டத்தின் குமிழியை
வேண்டுமென்றே நடுவிலிருந்து தள்ளி நிறுத்தினேன்.
மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு.
தண்ணீருக்கு வழி சொல்ல
வேறு மொழி இல்லை.
தட்டில் ஒரு சொம்பு ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம்.
யோவேல் கீழே சந்தில்.
நான் ஏணியில், குழாயில் காதை வைத்து.

"வந்துட்ச்சுக்கா!"

அவன் குரலுக்குப் பின்னாலேயே
இன்னொரு குரல், கெட்ட வார்த்தையில்,
யாருடைய தோளிலோ.

நாளைக்கு
இன்னும் மூன்றடி குழாய் வேண்டும்.